எந்த மூலையிலிருந்து

அவர் எங்கள் தொழிற்சாலைக்குப் பாதுகாப்பு அதிகாரியாக வந்த முதல் வாரம் அது. எலக்ட்ரீஷியன் சிவா ஏணியில் நின்று விளக்கு மாற்றிக்கொண்டிருந்தான். கீழே நான் ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். பராமரிப்புத் திட்டப் பிரிவில் இருப்பவன் ஏணி பிடிக்க வேண்டியதில்லை. அன்று வேறு ஆள் கிடைக்கவில்லை. சற்றுத் தள்ளி அவர் வந்து நின்றார். குள்ளமான உருவம். மஞ்சள் ஹெல்மெட் புருவம் வரை இறங்கியிருந்தது. சுடிதாருக்கு மேல் ஒளிரும் ஜாக்கெட், காலில் இரும்பு முனை வைத்த கனமான ஷூ.

"ஏணி எத்தனை டிகிரியில நிக்குது?" என்று கேட்டார்.

"எழுவத்தஞ்சு மேடம்," என்றான் சிவா.

"எங்கேயிருந்து?"

சிவா மேலிருந்து என்னைப் பார்த்தான். பிறகு அவரைப் பார்த்து, "ஓசூர்லேருந்துதான் மேடம்," என்றான். பக்கத்தில் வேலை செய்துகொண்டிருந்த இரண்டு பேர் சிரித்தார்கள்.

அவர் சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. "தரையிலேருந்து எண்ணினா எழுவத்தஞ்சு. சுவத்துலேருந்து எண்ணினா பதினஞ்சு. ஏணி ஒண்ணுதான். சுவத்துலேருந்தே எழுவத்தஞ்சுன்னா நீங்க இந்நேரம் படுத்துல்லா இருப்பீங்க. அதான் கேட்டேன்," என்று சொல்லிவிட்டு நடந்தார்.

அன்று மாலைக்குள் அவருக்குப் பட்டப்பெயர் வந்துவிட்டது. ஷாப் ஃப்ளோரில் எல்லோருக்கும் அவர் 'எங்கேயிருந்து மேடம்'. அது அவர் காதுக்கும் போனது. ஒருநாள் என்னிடம், "பேரு வச்சிருக்காங்களாமே, நல்ல பேருதான்," என்றார். கேலிக்குச் சொன்னதாகத் தெரியவில்லை. உண்மையிலேயே அந்தப் பெயர் அவருக்குப் பிடித்திருந்தது.

அவர் எங்களோடு இருந்தது சில ஆண்டுகள்தான். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். பிறகு தூத்துக்குடியில் வேறு வேலை கிடைத்துப் போனார். இப்போது தொடர்பு இல்லை. ஆனால் என் முன்னால் யாராவது "பக்கம்தான்" என்றோ "கொஞ்சம் மேல" என்றோ சொன்னால், அந்தக் கேள்வியை அவர் குரலிலேயே மனதுக்குள் கேட்டுவிடுகிறேன்.

அவர் மேசை என் மேசைக்கு எதிரே இருந்தது. தினமும் நான் குறிப்பெழுதும் வழக்கம் அவருக்குத் தெரியும். "நீங்க காலையில எழுதுவீங்களா, ராத்திரியா?" என்று ஒருமுறை கேட்டார். ராத்திரி என்றேன். "அப்ப காலையில நடந்தது உங்களுக்கு ராத்திரியிலேருந்துதான் தெரியும்," என்றார். அதில் குறை சொல்வது எதுவும் இல்லை. அளவு எடுத்த இடத்தைக் குறித்துக்கொண்டார், அவ்வளவுதான்.

பள்ளிக்கூடத்தில் கணக்கு எனக்கு நன்றாக வரும் என்று அவரிடம் சொன்னதும் ஒரு முறைதான். செங்கோண முக்கோணத்தின் விகிதங்களை இன்றைக்கும் வாய்ப்பாடு போலச் சொல்வேன் என்றேன். சொல்லியும் காட்டினேன்: எதிர்ப்பக்கம் கீழ் கர்ணம் சைன், அடுத்துள்ள பக்கம் கீழ் கர்ணம் கொசைன், எதிர்ப்பக்கம் கீழ் அடுத்துள்ள பக்கம் டேன். அவர் பழைய கேட் பாஸ் ஒன்றின் பின்பக்கத்தில் ஒரு செங்கோண முக்கோணம் வரைந்து என் பக்கம் தள்ளினார்.

"இதுல எதிர்ப்பக்கம் எது சார்?"

செங்குத்தாக நின்ற கோட்டைத் தொட்டுக் காட்டினேன்.

"எந்த மூலையிலேருந்து பாத்து?"

நான் விழித்தேன்.

"எதிர்ப்பக்கம்னு ஒரு கோட்டு மேல எழுதி ஒட்டியிருக்கா என்ன? கீழ இருக்க இந்த மூலையில நின்னா இது எதிரு. மேல அந்த மூலைக்குப் போயி நின்னா இதே கோடு அடுத்த பக்கம். கோடு நகரவே இல்ல, நீங்கதான் நகர்ந்தீங்க. இங்கே சைனா இருந்தது அங்கே கொசைன் ஆயிரும்."

மதிப்பெண் வாங்கிய காலத்தில் இது எனக்குத் தோன்றியதே இல்லை. புத்தகத்தில் கோணம் எப்போதும் இடது கீழ் மூலையில்தான் இருக்கும். நானும் வாழ்நாள் முழுக்க அங்கேயே நின்றிருந்தேன் போலிருக்கிறது.

இந்தக் கேள்வி தொழிற்சாலையோடு நிற்காது. வந்த புதிதில் அவருக்கு வீடு பார்க்க நானும் உடன் போனேன். ஜூஜுவாடியில் ஒரு புரோக்கர் நெடுஞ்சாலை லாரிகளுக்கு நடுவில் எங்களை நிறுத்தி, "சூப்பர் லொகேசன் மேடம், எல்லாமே பக்கம்," என்றார்.

"எங்கேயிருந்து பக்கம்?"

"பார்டருக்குப் பக்கம் மேடம். இப்பிடி நாலு எட்டு வச்சா கர்நாடகா."

"பார்டர்ல நான் என்ன செய்ய? எனக்கு வேலை சிப்காட்ல. அங்கேயிருந்து சொல்லுங்க."

"அங்கேருந்து..." புரோக்கர் தலையைச் சொறிந்தார். "அங்கேருந்து கொஞ்சம் தூரம்தான். ஆனா பெங்களூரு போறவங்களுக்குப் பக்கம் மேடம்."

"அப்ப பெங்களூரு போறவங்களுக்குக் காட்டுங்க," என்று சொல்லிவிட்டு ஆட்டோவில் ஏறிவிட்டார். புரோக்கர் என்னிடம் மெதுவாகக் கேட்டார்: "சார், அந்தம்மா வாத்தியாரா?"

வண்டி நிறுத்துமிடத்தில் உயரமான விளக்குக் கம்பம் ஒன்று லேசாக ஆடியது. அது விழுந்தால் கேஸ் சிலிண்டர் வைக்கும் கூண்டு வரை வருமா என்பது அவருடைய கவலை. கம்பத்தின் உயரம் யாருக்கும் தெரியவில்லை. கம்பத்திலிருந்து சற்றுத் தள்ளி ஓர் இடம் வரை தூரத்தை டேப் வைத்து அளந்தார். அங்கே நின்று, போனில் கோணம் காட்டும் செயலியைக் கண்ணுக்கு நேரே பிடித்துக் கம்பத்தின் உச்சியைப் பார்த்தார். தூரத்தை அந்தக் கோணத்தின் டேனால் பெருக்கினார். கடைசியில் தன் கண் உயரத்தை அதோடு சேர்த்தார்.

பார்த்துக்கொண்டிருந்த செக்யூரிட்டி, "அது எதுக்கு மேடம்?" என்றார்.

"என் கண்ணு தரையில இல்லல்லா. கோணத்தை எங்கேயிருந்து எடுத்தேனோ, உயரமும் அங்கேயிருந்துதான் வரும். கீழ மிச்சம் இருக்குறதை நாமதான் சேக்கணும்."

"நீங்க சேக்காட்டியும் பரவால்ல மேடம். பெருசா ஒண்ணும் கூடிடாது," என்றார் செக்யூரிட்டி, அவருடைய உயரத்தைப் பார்த்துக்கொண்டே. அன்று மேடம் வாய்விட்டுச் சிரித்ததைப் பார்த்தேன். கம்பம் விழுந்தால் கூண்டைத் தொடும் என்று கணக்கு சொன்னது. அந்த வாரமே கூண்டை நகர்த்தினார்கள்.

சிரிக்க முடியாத நாட்களும் உண்டு. கேண்டீனில் பரிமாறும் ருக்கம்மா ஆனேக்கல் பக்கத்துக் கன்னடக்காரர். ஒருநாள் சாம்பார் ஊற்றிக்கொண்டே, "என் மக கிளாஸ்ல மேல இருக்காளாம் மேடம். டீச்சரம்மாவே சொன்னாங்க," என்றார்.

"எத்தனை பேர்ல மேல?" என்று கேட்டார் இவர்.

ருக்கம்மாவின் கரண்டி நின்றது. "அது... சின்ன ஸ்கூல் மேடம். பத்துப் பன்னெண்டு புள்ளைங்கதான்," என்று சொல்லி அடுத்தவர் தட்டுக்குத் திரும்பிவிட்டார்.

மேசையில் உட்கார்ந்தும் இவர் சாப்பிடவில்லை. "நான் தெரிஞ்சிக்கத்தானே கேட்டேன் சார்," என்றார். அந்த அம்மாவுக்கு அது வேறு மாதிரி கேட்டிருக்கும் என்றேன். "எப்படி?" என்றார். நான் விளக்கினேன். ஒரு கணக்கின் படிகளைக் கேட்பதுபோல இடையில் பேசாமல் கேட்டார்.

மன்னிப்புக் கேட்பது அவருக்கு வராது. வாய் ஒருபுறம் கோணும், வார்த்தை வெளியே வராது. மறுநாள் கேண்டீனில் கேழ்வரகுக் களி. தெற்கத்திக்காரரான அவருக்குக் களி தொண்டையில் இறங்காது. அதுவரை ஒருமுறைகூட வாங்கியதில்லை. அன்று ருக்கம்மா முன் தட்டை நீட்டி, "ரெண்டு உருண்டை வைங்க," என்றார். தண்ணீரைக் குடித்துக் குடித்து இரண்டையும் விழுங்கி முடித்தார். ருக்கம்மாவுக்குப் புரிந்ததா என்று எனக்குத் தெரியாது. அடுத்த வாரம் களி போட்ட அன்று, கேட்காமலே அவர் தட்டில் இரண்டு உருண்டை விழுந்தது.

இவ்வளவும் சொன்னது மெஷின் மாற்றிய கதைக்கு வருவதற்காக.

பழைய ஷெட்டில் இருந்த மெஷின்களை ஒவ்வொன்றாகச் சூளகிரிப் பக்கம் கட்டிய புது யூனிட்டுக்கு மாற்ற வேண்டியிருந்தது. கனமான சாமான் தூக்கும் கான்ட்ராக்ட் முனியப்பன் மேஸ்திரியிடம் இருந்தது. ஊத்தங்கரைக்காரர். அவருடைய ஆட்களில் பாதிப் பேர் அவர் ஊர், மீதிப் பேர் குப்பம் பக்கத்துத் தெலுங்குக்காரர்கள். தமிழில் அதட்டி, தெலுங்கில் கொஞ்சி வேலை வாங்குவார்.

மேஸ்திரிக்கும் மேடத்துக்கும் பல மாதமாக ஒரு வழக்கு. மேஸ்திரி எதையும் கண்ணால் பார்த்துத் தூக்குகிறவர். மேடம் ஒவ்வொரு கிரேன் தூணிலும் ஒரு சார்ட் ஒட்டியிருந்தார். தூக்கும் பெல்ட் எத்தனை டிகிரி சாய்ந்தால் எவ்வளவு எடை தாங்கும் என்ற அட்டவணை. அவரே கணக்குப் போட்டு, அவரே தட்டச்சு செய்து, பிளாஸ்டிக் உறையிட்டது.

"சார்ட்டைப் பாத்துட்டுத் தூக்குங்க மேஸ்திரி," என்பார் இவர்.

"சார்ட்டு தூக்காது மேடம். பெல்ட்டுதான் தூக்கும்," என்பார் அவர்.

அன்று எட்டு டன் எடையுள்ள ஒரு நீண்ட மெஷினைத் தூக்க வேண்டும். ஷெட்டின் கூரை தாழ்வு. கிரேன் கொக்கி அதிக உயரம் போகாது. அதனால் மெஷினின் இரண்டு முனைகளிலும் மாட்டிய பெல்ட்கள் கொக்கிக்கு வரும்போது மிகவும் படுத்திருந்தன. நான் பக்கத்தில் நின்றிருந்தேன். மேஸ்திரி அன்று ஒரு புது வேலை செய்தார். போனை எடுத்து, கோணம் காட்டும் செயலியைத் திறந்து, பெல்ட்டின் மேல் வைத்துப் பார்த்தார். தூண் அருகே போய்ச் சார்ட்டில் விரல் வைத்துப் பார்த்தார். ஆட்கள் எல்லோருக்கும் கேட்கும்படி, "முப்பது! சார்ட்ல முப்பதுக்கு ஓகே போட்டிருக்குது. மேடம் கணக்குப்படியே தூக்கறோம்டா, பாத்துக்கோங்க," என்றார். சொல்லும்போது அவருக்குக் கொஞ்சம் பெருமை இருந்தது.

மெஷின் தரையை விட்டு நாலு விரல் எழும்பியது. அப்போது பக்கவாட்டுக் கதவு வழியாக மேடம் உள்ளே வந்தார்.

"இறக்குங்க! இறக்குங்கன்னா!"

அதற்கு முன் அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. கிரேன்காரர் பதறி மெஷினை இறக்கினார். பெல்ட்கள் தளர்ந்தன. இவர் மெஷினைப் பார்க்கவில்லை, மேஸ்திரியைப் பார்த்தார். முகம் சிவந்திருந்தது.

"கணக்குத் தெரியாதவங்க கையில எட்டு டன்னைக் குடுத்தா இப்படித்தான் ஆவும்!"

மற்ற மெஷின்கள் ஓடாத நாள். அந்த வார்த்தை ஷெட் முழுக்கக் கேட்டது. தமிழ் தெரிந்த ஒருவன் பக்கத்திலிருந்த குப்பத்துக்காரன் காதில் தெலுங்கில் ஏதோ சொன்னான். அவன் கையால் வாயை மூடிக்கொண்டான். மேஸ்திரி அதைப் பார்த்தார்.

"முப்பது மேடம்," என்றார், குரலை உயர்த்தாமல். "உங்க சார்ட்லதான் பாத்தன். இருவது வருசமா தூக்கறன். மொத தடவையா இன்னைக்குத்தான் சார்ட் பாத்துத் தூக்கினன்."

"எங்கேயிருந்து முப்..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்தினார். தூணுக்குப் போனார்.

தினமும் நானும் கடந்துபோகிற சார்ட்தான். முதல் பத்தியின் தலைப்பு 'கோணம்'. அதன் கீழே முப்பது, நாற்பத்தைந்து, அறுபது. படம் இல்லை. கோடு இல்லை. எங்கேயிருந்து என்று ஒரு சொல் இல்லை. அவர் விரல் முப்பதின் மேல் போய் நின்றது. நெடுநேரம் அங்கேயே இருந்தது. திரும்பியபோது, "இங்கே வச்சுத் தூக்க வேண்டாம். பைப்பு மேல உருட்டி யார்டுக்குக் கொண்டுபோயி, அங்கே பெரிய கிரேன் வச்சு, நீளமான பெல்ட் போட்டுத் தூக்கலாம்," என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே போனார்.

சற்று நேரத்தில் பிளான்ட் மேனேஜர் வந்தார். ஒரு நாள் வேலை போனதும், வெளிக் கிரேன் வரவழைக்க வேண்டியதும் அவரை எரிச்சல்படுத்தின. "யார் தப்பு இது? நாளைக் காலையில எனக்குத் தெரிஞ்சாகணும். கான்ட்ராக்டர் தப்புன்னா மீதி மெஷின் அத்தனையும் பெங்களூர் பார்ட்டிகிட்டக் குடுத்துடுவேன்," என்றார். மேஸ்திரி மூன்றடி தூரத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். மீதி மெஷின்கள் என்றால் அவருக்கும் அவர் ஆட்களுக்கும் ஒரு வருடத்து வேலை.

மேடத்துக்கும் அதில் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. புது யூனிட்டின் பாதுகாப்புப் பிரிவுக்குத் தலைமையாக அவர் பெயரைத்தான் மேனேஜர் மேலிடத்துக்கு அனுப்புவதாக இருந்தார்.

மாலையில் எதிர் மேசையில் அவர் உட்கார்ந்திருந்தார். முன்னால் ஒரு தாள். அதில் மெஷின், கொக்கி, இரண்டு சாய்ந்த பெல்ட்கள், நடுவில் ஒரு செங்குத்துக் கோடு. அந்தக் கோடு படத்தை இரண்டு செங்கோண முக்கோணமாகப் பிரித்திருந்தது.

"விளங்குதா சார்?" என்றார். "பெல்ட் நேரா நின்னா ஆளுக்கு நாலு டன். சாஞ்சா அந்த நாலை மேல தூக்குறதுக்கு பெல்ட் கூடுதலா இழுக்கணும். என் சார்ட்டுல முப்பதுன்னா இந்த நடுக்கோட்டுலேருந்து முப்பது. நாலைக் கொசைன் முப்பதால வகுத்தா நாலரைக்குக் கொஞ்சம் மேல. பெல்ட் தாங்குறது அஞ்சு. சரியா இருக்கும். மேஸ்திரி எடுத்தது தரையிலேருந்து முப்பது. அப்ப சைன் முப்பது, அதாவது அரை. நாலை அரையால வகுத்தா?"

"எட்டு," என்றேன்.

"எட்டு டன் மெஷினு. ரெண்டு பெல்ட். ஒவ்வொண்ணும் எட்டு டன் இழுத்துட்டு நின்னுருக்கு."

"அறுந்திருக்குமா மேடம்?"

ஆமாம் என்று சொல்லியிருந்தால் அவருக்கு எவ்வளவோ வசதி. "அறுந்திருக்காதுன்னுதான் நெனைக்கேன்," என்றார். "புது பெல்ட்டு. எழுதியிருக்கறதுக்கு மேல நெறைய தாங்குற மாதிரித்தான் செய்வாங்க. இன்னைக்கு ஒண்ணும் ஆயிருக்காது. ஆனா இன்னைக்கு ஒண்ணும் ஆகலன்னா, நாளைக்கும் அதே சார்ட்டைப் பாத்து அதே முப்பதுலதான் தூக்குவாங்க. பெல்ட் பழசாயிட்டே வரும்லா."

பிறகு தாளைத் திருப்பிப் போட்டுவிட்டு, "ஊரெல்லாம் கேட்டுட்டுத் திரிஞ்சேன் சார், எங்கேயிருந்து எங்கேயிருந்துன்னு. நான் ஒட்டின தாள்ல அதை எழுதலை. எனக்கு எங்கேயிருந்துன்னு தெரியும்லா, அதனால எழுதலை," என்றார்.

மறுநாள் காலை மேனேஜர் அறையில் நாங்கள் இருவரும் நாற்காலியில் இருந்தோம். முனியப்பன் மேஸ்திரி கதவருகே நின்றார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"சொல்லுங்க மேடம்," என்றார் மேனேஜர்.

"தப்பு என் சார்ட்ல இருக்கு சார். கோணத்தை எங்கேயிருந்து எண்ணணும்னு அதுல போடல. நான் செங்குத்துக் கோட்டுலேருந்து எண்ணினேன். அவரு தரையிலேருந்து எண்ணினாரு. போனை பெல்ட்டு மேல வச்சா அது தரையிலேருந்துதான் காட்டும்."

மேனேஜர் பேனாவை மேசையில் வைத்தார். "மேடம், யோசிச்சுப் பேசுங்க. சார்ட் அவருக்குப் புரியலைன்னு எழுதினாலும் அது பொய் இல்லையே? உங்க பேர் மேல போக வேண்டிய நேரம் இது."

"புரிஞ்சுதான் சார் படிச்சாரு. இருந்ததைப் படிச்சாரு. இல்லாததை எப்படிப் படிப்பாரு?"

"அப்ப உங்க தப்புன்னே எழுதட்டுமா?"

"எழுதுங்க."

மேனேஜர் எழுதினார். அவர் பெயர் அப்புறம் மேலே போகவில்லை. புது யூனிட்டுக்கு வேறு ஒருவர் வந்தார். அது பிந்திய விஷயம். அந்தக் காலையில் மேனேஜர் தலையைத் தூக்கி, "சரி முனியப்பா. வேலை உனக்குத்தான். போய் ஆரம்பி," என்றார்.

மேஸ்திரி போகவில்லை.

"இன்னும் என்ன?"

"இல்ல சார், மேடம் இங்க சொன்னது சரி," என்றார் மேஸ்திரி. அவர் மேனேஜரைப் பார்க்காமல் இவரைப் பார்த்துப் பேசினார். "ஆனா நேத்து அங்க சொன்னீங்களே மேடம். கணக்குத் தெரியாதவன்னு. ரூமுக்குள்ள நாலு பேருக்கு முன்னாடி சரின்னா எனக்கு இன்னா? காலையில ஒருத்தன்கிட்ட பெல்ட்ட அந்தப் பக்கம் மாட்டுடான்னு சொன்னன். அவன் மாட்டாம என் மூஞ்சியப் பாக்கறான். நான் தூக்குன்னா தூக்கறவன், நிறுத்துன்னா நிறுத்தறவன் அவன். அவன் யோசிக்கிற நேரத்துல எட்டு டன்னு அவன் கால் மேல எறங்கிடும் மேடம்."

இவருடைய வாய் ஒருபுறம் கோணியது. எனக்குக் கேண்டீன் நினைவுக்கு வந்தது. இங்கே களி தின்று சமாளிக்க முடியாது.

அவர் எழுந்தார். ஹெல்மெட்டை எடுத்து மாட்டிக்கொண்டு, "வாங்க," என்றார்.

ஷெட்டில் ஆட்கள் இரும்புப் பைப்புகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். மெஷினின் இருபுறமும் நின்று எங்களைப் பார்த்தார்கள். பேச ஆரம்பித்த மேடம் இரண்டு சொல்லோடு நின்றார். குப்பத்துக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இவங்களுக்குத் தமிழ் வராதுல்லா? யாராவது தெலுங்குல சொன்னா நல்லாருக்கும்."

என் வீட்டுப் பேச்சு தெலுங்கு. நான் ஒரு அடி முன்னால் வைத்தேன்.

"இருங்க சார்," என்றார் மேஸ்திரி. "என் ஆளுங்க. நானே சொல்றன்."

"உங்களைப் பத்தித்தான் மேஸ்திரி சொல்லப் போறேன்."

"இருக்கட்டும் மேடம். சொல்லுங்க."

அவர் தரையைப் பார்த்தார். பிறகு மூன்று வாக்கியம் சொன்னார். ஒவ்வொன்றுக்கும் நடுவில் இடைவெளி விட்டு, அளந்து வைப்பதுபோலச் சொன்னார்.

"சார்ட்டுல முப்பதுன்னு போட்டேன், எங்கேயிருந்து முப்பதுன்னு போடல."

"மேஸ்திரிக்குக் கணக்கு நல்லாத் தெரியும்."

"நேத்து நான் கத்துனது தப்பு, தப்பு என்னோடது."

எல்லாக் கண்களும் மேஸ்திரி பக்கம் திரும்பின. அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். முதல் வாக்கியத்தைத் தெலுங்கில் ஒழுங்காகச் சொன்னார். பெல்ட்டைத் தொட்டு, தரையிலிருந்து இவ்வளவு, நிமிர்ந்த கோட்டிலிருந்து இவ்வளவு என்று கையால் வரைந்தும் காட்டினார். நேற்று மேடம் சொல்லாததையும் சேர்த்து நன்றாகவே விளக்கினார். ஆட்கள் தலையாட்டினார்கள்.

பிறகு கொஞ்சம் நிறுத்தினார்.

"தப்பு இத்தரிதி," என்றார். தப்பு இரண்டு பேருடையதும்.

அதோடு முடித்துவிட்டார். கையால் வாயை மூடிச் சிரித்திருந்த அந்தக் குப்பத்துக்காரன், "சரே மேஸ்திரி," என்று சொல்லி ஒரு பைப்பைத் தூக்கித் தோளில் வைத்தான். மற்றவர்களும் குனிந்தார்கள்.

ஆனால் இவர் நகரவில்லை. புருவம் சுருங்கியிருந்தது.

"மேஸ்திரி, நான் மூணு சொன்னேன். நீங்க ரெண்டுதானே சொன்னீங்க?"

"தெலுங்குல அப்பிடித்தான் மேடம்," என்றார் மேஸ்திரி, பைப்பைச் சரிபார்ப்பதுபோலக் குனிந்துகொண்டே. "சுருக்கமா வரும்."

அவர் என் பக்கம் திரும்பினார். "அப்படியா சார்?"

"ஆமாங்க மேடம்," என்றேன். "தெலுங்குல சுருக்கமாத்தான் வரும்."